காரணமில்லாமல் சிரிக்கவும்

சென்னை கே.கே. நகர்ப் பூங்காவில் விடிந்ததும் விடியாததுமாகக் கும்பலாக நின்று வானத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் கண்டால் பயப்பட வேண்டாம். அது வைத்தியம். 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு தொடங்கியது. முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சீக்கிரமே சரக்கு தீர்ந்தது. மிச்சமிருந்தவை நாலு பேர் முன்னால் சொல்லும்படி இல்லை. ஜோக்கைத் தூக்கிவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டார் டாக்டர். பொய்ச் சிரிப்பு எது, மெய்ச் சிரிப்பு எது என்று உடம்புக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. (மேலதிகாரியின் ஜோக்குக்குச் சர்வீஸ் முழுக்கச் சிரித்தவர்களுக்கு பி.பி. ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது.)

சிரித்து முடித்து கேட்டைத் தாண்டினால், ஸ்கூட்டரை மறித்தபடி யாரோ காரை நிறுத்தியிருப்பார். அடுத்து ஆற்காடு சாலை, மெட்ரோ தடுப்பு, ஹாரன். இதற்குச் சிரிப்பு போதாது. ரெய்கி, சிரோதாரா, திபெத்தியக் கிண்ண ஓசை என்று மேலே போக வேண்டியதுதான். நெற்றியில் எண்ணெய் ஒழுகும் நேரம் முழுக்க, நோ பார்க்கிங்கில் விட்ட வண்டியைப் போலீஸ் தூக்கியிருக்குமோ என்றே தியானம்.

அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதே என்றால் முகம் சுளிக்கிறார்கள். சீட்டு வாங்க வரிசையில் நின்றா மன அமைதி வரும்? தனியார் நிலையத்தில் பத்து முறைக்குப் பணம் கட்டினால் பதினொன்றாவது இலவசம். அதற்குள் டென்ஷன் தீர்ந்துவிட்டால் அந்த இலவசம் வீணாகுமே என்ற கவலை வேண்டாம். மாதத் தவணை வசதி உண்டு.