ஏரிக்கரைத் தொட்டிக்காரர்

பழவேற்காட்டுக் குப்பங்களில் மூன்று வகை ஆட்கள் உண்டு: ஏரிக்குப் போகிறவர், கடலுக்குப் போகிறவர், வீட்டுக்குள் ஏரி கட்டுகிறவர். முதல் இருவரைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். மூன்றாமவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கோட்டைக்குப்பமோ நடுக்குப்பமோ, ஆள் ஒரே அச்சுதான். அப்பா வலை கட்டிப் படிக்கவைத்தார். பிள்ளை எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி வாசலில் கிடக்கிறது. அவருடைய லட்சியமோ ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி.

திட்டம் டீக்கடையில் ஆரம்பிக்கும். "24 கன அடி, 680 லிட்டர். தண்ணி மட்டுமே 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோ. மணல், கல்லு தனி." கேட்கிறவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "தரை தாங்குமா?" என்பார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் இவர். "கண்ணாடியை நெட்டித் தள்றது நீளம் இல்லண்ணே, உயரம். உயரம் ரெண்டு மடங்கானா தள்ற வேகம் நாலு மடங்கு." வெள்ளைக்காரன் 1909-லேயே மெரினாவில் மீன் காட்சியகம் வைத்த கதையும் கூடவே வரும். டீ ஆறிவிடும்.

கண்ணாடி வந்து இறங்கும் அன்று குப்பமே வேடிக்கை பார்க்கும். இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி. சிலிகான் பூசியதும் வீடெல்லாம் வினிகர் நாற்றம். ஒரு வாரத்துக்கு யாரும் கிட்டே போகக்கூடாது. கருவாட்டு நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த அவர் அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அப்புறம் தண்ணீர் நிரம்பும். மீன் மட்டும் வராது. நாட்டாமை வந்து குனிந்து பார்ப்பார்.

"இன்னாடா, தண்ணி மட்டும்தான் ஓடுது. மீனு எங்க?"

"பாக்டீரியா வளருது பெரிப்பா. மீன் கழிவுல அமோனியா வரும். அத நைட்ரைட்டா மாத்த ஒரு கூட்டம், அத நைட்ரேட்டா மாத்த இன்னொரு கூட்டம். ரெண்டும் சேர ஒரு மாசம் புடிக்கும்."

"ஏரியில மீனு இல்லன்னா கலெக்டருக்கு மனு குடுக்கறோம். இதுக்கு யாருகிட்டடா குடுக்கறது?"

மாதம் முடிந்ததும் தொட்டிக்காரர் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குக் கிளம்புவார். திரும்பும்போது பொன்னேரியில் இறங்கி, மீன் நீந்தும் பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். எதிரே வரும் வண்டிகளில் எல்லாம் பழவேற்காட்டு மீன் கூடை கூடையாகப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பழவேற்காட்டுக்கு மீன் வாங்கிவருகிற ஒரே மனிதர் இவர்தான்.

வீட்டில் பையைப் பிரித்து, "கிரீன் குரோமைடு" என்று பெருமையாகச் சொல்வார். அம்மா எட்டிப் பார்ப்பார். கேரளம் கரிமீன் என்று கொண்டாடி, 2010-இல் மாநில மீனாகவே அறிவித்த அதே மீன். இந்த ஏரியிலும் கிடைப்பதுதான். "டேய், இத நேத்து குழம்பு வெச்சேனேடா! நீயும் ரெண்டு தின்னியே!"

பராமரிப்பில்தான் அவருடைய நிர்வாகத் திறமை வெளிப்படும். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைக்கும் 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. தண்ணீர் மாற்றும் வேலைக்கு அவரும் வீட்டில் பாடு போடுவார். பாடு எப்படிச் சுற்றினாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியோடு நிற்பது அவர் மனைவிதான்.

உப்பு பார்க்க ஒரு கருவி வாங்கியிருப்பார். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் அளவு ஏறும் என்று அதை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா விரலை விட்டு நாக்கில் வைப்பார். "வெளியில ஐப்பசி மழ பேயுது, ஒன் தொட்டியில சித்திர பொறந்துட்டுது. நல்ல தண்ணி ஊத்து." கருவியும் அதையேதான் சொல்லும். கருவிக்குக் காசு கொடுத்திருப்பதால் கருவியைத்தான் நம்புவார்.

ஒன்று சொல்ல வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதைப் பேச ஊர்க்கூட்டம் கூடினால், இப்போதெல்லாம் அதிகம் கொதிப்பது இவர்தான். "கடல் தண்ணி உள்ள வந்து வெளிய போனாத்தான் ஏரி. வாய் மூடிக்கிச்சுன்னா அது வெறும் தொட்டி. தண்ணி மாத்தற வலி எனக்குத் தெரியும்!" மனைவி கூட்டத்தில் இல்லாத தைரியம். பெரியவர்கள் தலையாட்டுவார்கள். மழையும் கடலும் கூலி வாங்காமல் செய்வதை, கரண்டு பில் கட்டிச் செய்துபார்த்தவன் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

மீன்கள் இப்போது கொழுத்துவிட்டன. ஏற்றுமதிக்குப் போகிற வெள்ளை இறாலில் ஒரு கைப்பிடியை அப்பாவிடமிருந்து வாங்கி, உரித்து, பொடிப்பொடியாக நறுக்கித் தொட்டியில் போடுகிறார். வீட்டில் அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். தட்டையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்து அம்மா சொல்கிறார்: "அடுத்த பொறப்புல ஒனக்கு அம்மாவா வேணாண்டா. மீனா பொறந்து வரேன்."