தோற்ற பேச்சின் வெற்றி

கேள்வி: வாக்கெடுப்பில் தோற்ற ஒரு பேச்சுக்கு உரிமைப் போராட்டத்தில் என்ன பங்கு இருக்க முடியும்? (வாசகர், எல்ல)

பதில்: நாடாளுமன்றம் கைகளை எண்ணுகிறது, காலமோ காரணங்களை எண்ணுகிறது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், செக்ரோல் எனப்படும் தோட்டத்து வரவுப் பதிவேட்டில் பெயர் இருந்தும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பதுளை, எல்ல, தெமோதரை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) மக்களை நாடற்றோராக, அதாவது எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதோராக ஆக்க முனைந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம் அதை எதிர்த்துப் பேசி, இன்று மலையகத் தமிழருக்கு நேரும் அநீதி நாளை மொழியின் பெயரால் இலங்கைத் தமிழருக்கும் நேரும் என எச்சரித்தார். வாக்கெடுப்பில் அப்பேச்சு தோற்றது; ஆனால் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அவ்வெச்சரிக்கையை மெய்ப்பித்தது. அவர் 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி அப்பேச்சின் கருத்தைக் கோரிக்கையாக்கியது. தோட்டத் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகள் போராடின. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.