சிறைக்குள் பிறந்த காதல் பாட்டு

'கோஸ்ட்' படத்தில் களிமண் பிசையும் காட்சியில் வருகிற பாட்டு அந்தப் படத்துக்காகவே எழுதியதா? (தேனி)

இல்லை. படம் வந்த 1990-ல் பாட்டுக்கு 35 வயது. பெயர் 'அன்செயின்ட் மெலடி'. 1955-ல் வெளிவந்த 'அன்செயின்ட்' என்கிற சிறைச்சாலைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் மெட்டமைத்து, ஹை ஸாரெட் எழுதியது.

காதல் பாட்டுக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம்? (அறந்தாங்கி)

உயிரே அங்கேதான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சீனோ என்ற ஊரில், உயர்ந்த மதில் இல்லாத ஒரு சிறையில் எடுத்த படம். தப்பி ஓடிவிடலாமா, தண்டனையை முடித்துவிட்டே மனைவியிடம் போகலாமா என்று நாயகன் தவிப்பதுதான் கதை. சிறைக்குள் கைதி ஒருவர் பாடுவதாகப் பாட்டு வரும். பாடியவர் டாட் டங்கன்; கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகம் 1935-ல் மேடையேறியபோது முதல் போர்கியாக நின்றவர். நகர மறுக்கிற நேரம், வீட்டில் இருப்பவள் மனம் மாறியிருப்பாளோ என்கிற பயம்: கைதியின் வாயில் வைத்துக் கேளுங்கள், அத்தனை வரியும் பிடிபடும். கட்டித் தழுவுகிறவர்களின் பாட்டு இல்லை இது, காத்துக் கிடப்பவனுடையது.

படம் ஓடியதா? (காரைக்கால்)

படத்தை மறந்துவிட்டார்கள். பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

ஒரே வருஷத்தில் பலர் பாடி, எல்லாமே ஹிட்டாமே! எப்படி? (ராஜபாளையம்)

அன்றைய வழக்கம் அது. நல்ல பாட்டு ஒன்று கிளம்பினால், ஒவ்வொரு ரெக்கார்டு கம்பெனியும் தன் பாடகரை வைத்து ஒரு இசைத்தட்டு போட்டுவிடும். 1955-ல் அமெரிக்காவில் லெஸ் பாக்ஸ்டர் குழுவின் பதிவு முதலிடம். பார்வையற்ற பாடகர் ஆல் ஹிப்ளரும் ராய் ஹாமில்டனும் முதல் பத்துக்குள். பிரிட்டனில் ஜிம்மி யங் முதலிடம். இவர்களில் ஹாமில்டனை விட்டுவிடாதீர்கள். தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். மன்றாட்டு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். பத்து வருஷம் கழித்து வந்த 'ரைட்டியஸ் பிரதர்ஸ்' பதிவுக்கு வழி போட்டவர் இவர்தான் என்பேன்.

'ரைட்டியஸ் பிரதர்ஸ்' என்று இருவர் பெயர், பாட்டில் ஒரே குரல்தானே கேட்கிறது? (சிவகாசி)

நல்ல காது உங்களுக்கு! பாடியது பாபி ஹாட்ஃபீல்ட் மட்டும். கூட்டாளி பில் மெட்லி பியானோவில் இருந்தார். அவர்கள் சகோதரர்களும் இல்லை. 1965-ல் இது ஓர் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு. முன்பக்கத்தில் 'ஹங் ஆன் யூ'. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், முன்பக்கத்தைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

தொடக்கத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத்தான் குரல். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தாலும் அவர் அவசரப்படுவதில்லை. கடைசியில் அன்பு வேண்டும் என்று கேட்கிற இடத்தில், பழைய மெட்டை மீறிக் குரல் உச்சிக்கு ஏறுகிறது. அப்போது ஹாட்ஃபீல்டுக்கு 24 வயது. அவருக்குப் பின் பாடியவர்கள் எல்லோரும் அந்த ஒரு இடத்துக்குப் பயந்துகொண்டேதான் பாடியிருக்கிறார்கள்.

'கோஸ்ட்' வந்த சமயம் இரண்டு பதிவுகள் போட்டி போட்டனவாமே? (நாகர்கோவில்)

ஆமாம், இரண்டுமே ரைட்டியஸ் பிரதர்ஸ் பெயரில் வந்தவை! படத்தில் ஒலித்த பழைய பதிவின் உரிமை வேறு கம்பெனியிடம் இருந்ததால், வேறொரு கம்பெனிக்குப் புதிதாகப் பாடிக் கொடுத்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் இரண்டும் ஒரே சமயத்தில் முதல் இருபதுக்குள். ஐம்பது வயதில் அதே உச்சியை ஹாட்ஃபீல்ட் மறுபடி தொட்டார் என்பதற்காகவே புதியதையும் மதிக்கிறேன். ஆனால் பழையதில் இருக்கிற நடுக்கம் அதில் இல்லை.

எல்விஸ் பாடியது? (வேலூர்)

1977 ஜூன் 21, ரேப்பிட் சிட்டி. உடல் ஊதி, வியர்த்து வழிய, தானே பியானோ வாசித்துப் பாடுகிறார். பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உடம்பு தளர்ந்துவிட்டது, குரல் தளரவில்லை. எட்டே வாரத்தில் எல்விஸ் இல்லை. அந்தப் படப்பதிவை ஒரு தடவைக்கு மேல் பார்க்க மனசு வராது.

ஒரே ஒரு பதிவைக் கேட்கத்தான் நேரம் என்றால்? (மன்னார்குடி)

ஹாட்ஃபீல்ட், 1965. இன்னும் சில நிமிடம் கிடைத்தால் டாட் டங்கன்.