சைக்கிள் ஆரோகண விசாரம்

கருட சேவையன்று பெருமாளைக் கருடன் சுமக்க, அந்தக் கருடனையும் சேர்த்து ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளில் சுமந்து வருவதால், வாகனம் என்பது சுமக்கவும் சுமக்கப்படவும் உரிய வஸ்து என்பது நம்மவர்க்குப் பழைய சங்கதியே. ஆயினும், 1931-இல் கடற்கரையிலிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயில் வந்து சேர்ந்த காலந்தொட்டுச் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, டோக்கனைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திப் பட்டணம் போய்வந்த தாம்பரத்து ஜனங்கள், அதே சைக்கிளை வேனில் ஏற்றி உல்லாச யாத்திரை அழைத்துச் செல்லும் யுகமொன்று வருமென்று சொப்பனத்திலும் கண்டிருக்க மாட்டார்கள்.

முதல் விவகாரம் சப்தத்தைப் பற்றியது. வேனின் கூரைமேல் இருக்கும் இரும்புச் சட்டமும் கேரியர். அதில் ஏறும் சைக்கிளின் பின்புறத்தில் இருப்பதும் கேரியர். அங்கே செருகிய சோற்றடுக்கும் கேரியர். "கேரியரோடு கேரியரைக் கேரியரில் ஏற்றப்பா" என்று இலக்கண சுத்தமாக நான் சொன்னதைக் கேட்டு, சேலையூர் வெல்டிங் பட்டறைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

அடுத்த விவகாரம் கேரியரின் ஸ்தானம்; இதில் இரண்டு பட்சங்கள் உண்டு. பின்கதவில் மாட்டலாம் என்பார் கட்சி, ஆம்னி வேனின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பது என்பதாலும், நம்பர் பிளேட் மறைந்தால் அபராதம் என்பதாலும் தள்ளுபடியாகிறது. கூரைதான் சித்தாந்தம். கூரையோரத்தில் மழைநீர் வடியும் விளிம்பை நான்கு கிளாம்புகள் கவ்வ, சைக்கிளைத் தலைகீழாக, ஹாண்டில்பாரும் சீட்டும் சட்டத்தில் பதியும்படி நிறுத்திக் கட்ட வேண்டும். எதனால் கட்டுவது? நைலான் கயிறு வழுக்கும். தேங்காய் நார்க்கயிறு பெயிண்டைத் தின்னும். பழைய சைக்கிள் ட்யூபை வார் வாராகக் கிழித்துக் கட்டுவதே உத்தமம்: இழுத்த இழுப்புக்கு வரும், பிடித்த பிடியை விடாது. உயிர்நீத்த ஒரு சைக்கிளின் குடலால் இன்னொன்றைப் பிணைப்பதில் கொஞ்சம் குரூரம் இருக்கிறது. பட்டறைப் பையனுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கட்டிப் புறப்பட்டோம். வேனும் சைக்கிளும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்பது அடி என்பது, ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையொன்றின் வாயிலில் குறுக்கே நின்ற இரும்பு உத்தரத்தைக் கண்ட பிறகே ஞாபகம் வந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர்களின் ஆசீர்வாதங்களுடன் ரிவர்ஸ் எடுத்து, ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் சுற்றி, வெயில் ஏறிய வேளையில் வண்டலூர் உயிரியல் பூங்காவை அடைந்தோம்.

பூங்காவுக்குள் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள்.