லாஞ்சுக்கு மூச்சுமுட்டல்

கேள்வி: காசிமேட்டில் நிற்கும் என் மச்சானின் விசைப்படகு, டீசலுக்குப் போட்டியாக ஆயிலும் குடிக்கிறதே! இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டுமா?
- ஒரு வாசகர், கோவிலம்பாக்கம்

பதில்: கடலில்லாத ஊரிலிருந்து படகுக் கவலை! (அடைமழை வந்தால் உங்களுக்கே ஒன்று தேவைப்படும் என்பது வேறு விஷயம்.) முதலில் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயில் பிதுங்கும். பாவம், பழி மட்டும் சீலுக்கு. பிரீதர் சுத்தமாக இருந்தும், ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் 'புஸ் புஸ்' என்று புகை தள்ளுகிறதா? பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். கூடவே நீலப்புகையும் வந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அந்த வேலைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. மெக்கானிக் கிடைப்பதுதான் கஷ்டம். எல்லாப் படகுக்கும் அப்போதுதான் உடம்பு சரியில்லாமல் போகும்!