மகரக்கட்டு உடைவதற்குள் முந்துங்கள்

ஆதம்பாக்கத்தில் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ். கீபோர்டு, வாய்ப்பாட்டு, ‘டிவி ஆடிஷன் பயிற்சி’. மூன்றாவதுக்குத்தான் கூட்டம். சரளி வரிசை யாருக்கு வேண்டும்? பால்பல் விழுந்த இடம் தெரிய நின்று பிள்ளை காதல் தோல்விப் பாட்டைக் கண்ணீரோடு பாட வேண்டும். நடுவர் ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும். எட்டு வயதுக்கு எங்கிருந்து வந்தது காதல் தோல்வி என்று கேட்டால் நமக்கு ரசனை இல்லை.

பெற்றோர்களே, சீக்கிரம். சரக்கு கெட்டுவிடும். பையன் என்றால் பதின்மூன்று, பதினாலில் மகரக்கட்டு உடையும். அப்புறம் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சங்கீதமா கற்றுக்கொள்வது?

இதில் நமக்குப் பாரம்பரியமே உண்டு. பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் குரல் உடைந்த பையனுக்கு வேஷம் போயிற்று. பின்னாளில் சினிமா நட்சத்திரமான பி.யு. சின்னப்பாவுக்கே அந்தக் கதி. ஆனால் கம்பெனிக்காரர் சோறு போட்டார், பாட்டும் வசனமும் அடித்தாவது சொல்லிக்கொடுத்தார். இன்றைய வாத்தியாருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ரீல்ஸ் போட வேண்டும்.

1933, மயிலாப்பூர், தியாகராஜ உற்சவம். ஏழு வயது மகாலிங்கம் புல்லாங்குழல் வாசிக்கிறான். வித்வான்கள் முசிரி சுப்பிரமணிய ஐயரும் பரூர் சுந்தரம் ஐயரும் பாதியில் நிறுத்திச் சால்வை போர்த்துகிறார்கள். ஊர் சிலிர்த்தது. பின்னாளில் ‘மாலி’ என்று பெயரெடுத்த அதே மகாலிங்கம் குடித்தார், கச்சேரிக்கு வராமல் போனார், வந்தால் பாதியில் எழுந்து போனார். சால்வையால்தான் கெட்டார் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் நாம் என்ன செய்தோம்? ‘மேதைன்னா அப்படித்தான் ஓய்’ என்று அதையும் சப்புக்கொட்டி ரசித்தோம். 1986இல் அறுபது நிறையாமல் போய்ச் சேர்ந்தார்.

உடனே மாண்டலின் ஸ்ரீநிவாஸை நீட்டுவார்கள். பதின்வயதிலேயே பெர்லினில் வாசித்தவர், கடைசிவரை தலைக்கனம் அறியாதவர். உண்மைதான். அந்த ஒருவரைக் காட்டித்தான் ஆயிரம் பிள்ளைகளை மேடையில் ஏற்றுகிறோம்.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் நடித்துச் சம்பாதித்ததைத் தாயும் மாற்றாந்தகப்பனும் தின்று தீர்த்த பிறகு, 1939இல் கலிஃபோர்னியா விழித்துக்கொண்டது. நாம் 2017இல் விதி எழுதினோம்: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பேரில் வங்கி வைப்பு, விருப்பமில்லாத பிள்ளையைப் பங்கேற்க வைக்கக்கூடாது.

விருப்பமா? ‘பாடறியா செல்லம்? உனக்கு ஆசைதானே?’ என்று காமிரா முன்னால் அம்மா கேட்கிறாள். பிள்ளை காமிராவைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கிறது, தலையாட்டுகிறது. சம்மதம் வாங்கியாயிற்று. வெளியேற்றும் நாளில் அதே முகம் மெதுவாக ஓடும், உதடு துடிக்கும், பின்னணியில் வயலின் இழுக்கும், நடுவில் சோப்பு விளம்பரம். பிள்ளை எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று விதி சொல்கிறது. அதன் அழுகையை எத்தனை தடவை திருப்பிப் போடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளையிடம், ‘நீ டிவியில வந்த பொண்ணுதானே? இப்ப ஏம்மா பாடறதில்ல?’ என்று மளிகைக்கடையில் விசாரிப்பவர்கள் ஓட்டுப் போட்ட நேயர்கள். எவ்வளவு அக்கறை!

பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருமுனையில் மேடை போடுவார்கள். ‘நம்ம ஏரியா இசைப்புயல்’ பாடும். அந்த அப்பாவிடம் ஒருவர், ஒரே ஒருவர், வங்கிப் பாஸ்புக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘எங்க பிள்ளை சார், எங்களுக்குத் தெரியாதா?’ என்று சீறுவார். சீறட்டும். மணி பத்தைத் தாண்டியிருக்கும். பிள்ளைக்குக் காலையில் காலாண்டுத் தேர்வு, கணக்கு. கொட்டாவியைக் கையால் மூடிக்கொண்டு அது மைக்கைக் கீழே வைக்கப் போகும்போது, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி, சுண்டல் மென்ற வாயோடு நாம் கத்துவோம்: ‘ஒன்ஸ் மோர்!’