சர்வர் ரூம் அண்ணன்

திருப்பூர்ப் பக்கம் எந்த பனியன் கம்பெனிக்குப் போனாலும் சர்வர் ரூம் அண்ணன் ஒருவர் இருப்பார். ஓடாத பிரிண்டர்களுக்கும் பழைய சாம்பிள் துணி மூட்டைகளுக்கும் நடுவே ஏசி போட்ட ஓர் அறை அவருக்கு. ஆபீஸிலேயே குளிரான இடம் அதுதான் என்பதால் எல்லாருடைய மதியத் தயிரும் அங்கேதான் இருக்கும். வருஷம் முழுக்க அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளிக்கு அதில் நெடுநாள் சந்தேகம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறக்கும் காலையில் தெரிந்துவிடும்.

அண்ணன் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, யாரோ பக்தியோடு சர்வரை அணைத்து, தூசி தட்ட டிஸ்குகளை உருவி, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்பச் சொருகியிருப்பார்கள். இரண்டு மூன்று சரியாக உட்காராமலே ஸ்விட்சையும் போட்டுப் பார்த்திருப்பார்கள். அப்புறம் அழுத்தி உட்காரவைத்தாலும் டிஸ்குகளைச் சேர்த்துக்கட்டும் ரெய்டு கார்டு அவற்றை ‘ஃபாரின்’ என்று ஒதுக்கிவிடும். விர்ச்சுவல் மெஷின்கள் குடியிருந்த வால்யூமே திரையில் இல்லை. டாலி இல்லை, சம்பளக் கணக்கு இல்லை, ஷிப்மென்ட் பேப்பர் இல்லை.

“யாராச்சும் கை வெச்சீங்களா?”

“இல்லீங்ணா.”

இந்த ‘இல்லீங்ணா’வை அவர் மறுத்துப் பேசமாட்டார். சர்வரை அணைத்த நேரம் நிமிஷத்தோடு லாகில் இருக்கிறது.

முதலாளி வந்து நிற்பார். “தம்பி, டேட்டா இருக்குதா, போயிருச்சா?”

“இருக்குதுங்க. காட்ட மாட்டேங்குதுங்க.”

சமாளிப்பு மாதிரி இருந்தாலும் இது உண்மை. பத்திரம் தொலைந்தால் நிலம் எங்கேயும் ஓடிவிடாது; டேட்டாவும் அப்படித்தான். லினக்ஸ் எல்விஎம்மில் எந்த வால்யூம் எந்த டிஸ்கில் எங்கே தொடங்குகிறது என்பது டிஸ்கின் தலைப்பகுதியில் வெறும் எழுத்தாகவே பதிந்திருக்கும். அது சிதைந்தாலும் பழைய பிரதிகள் ‘ஈடிசி எல்விஎம் ஆர்க்கைவ்’ என்ற இடத்தில் கிடக்கும். ‘விஜி-சிஎஃப்ஜி-ரெஸ்டோர்’ கட்டளையால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். விஎம்வேர் கொஞ்சம் ரோஷக்காரர். ஸ்டோரேஜில் டிஸ்குக்கு இட்ட லன் எண் மாறினாலே போதும், இது அசலில்லை, நகல் என்று முடிவுகட்டி டேட்டாஸ்டோரை ஏற்க மறுத்துவிடும். பழைய கையெழுத்தோடே ஏற்றிக்கொள் என்று நாமாகச் சொல்லவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த அண்ணன் உடனே எதையும் செய்யமாட்டார். டீ சொல்லுவார். அவர் கலைஞராவது இங்கேதான். ரெய்டு கார்டின் திரையில் ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ என்று இரண்டு வழிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று பிரிந்த டிஸ்குகளைச் சேர்த்துவைக்கும். மற்றது அவை சேர்ந்திருந்த குறிப்பையே துடைத்துவிடும். இப்படி அருகருகே வைத்த புண்ணியவானை அவர் வாய்க்குள்ளேயே வாழ்த்துவார்.

“அண்ணா, ஃபார்மேட் பண்ணிப் பார்க்கலாமா? என் பென்டிரைவ் அப்படித்தான் சரியாச்சு” என்பான் அக்கவுண்ட்ஸ் பையன். அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். காணாமல்போன வால்யூமைக் கோளாறு கொல்வதைவிட உதவி கொல்வதே அதிகம் என்பது என் கட்சி.

எந்த டிஸ்க் எந்த வரிசையில் சொருகப்பட்டிருக்கிறது என்று நிதானமாக எழுதி வைத்துக்கொள்வார். பிறகு ‘இம்போர்ட்’. வால்யூம் எட்டிப்பார்க்கும். டாலி திறக்கும். கைதட்டல். அக்கவுண்ட்ஸ் அக்கா வீட்டுச் சுண்டலை நீட்டுவார்.

அந்தச் சூட்டிலேயே அண்ணன் பேக்கப் பெட்டிக்கான கொட்டேஷனை எடுத்து வைப்பார்.

“உள்ளே இத்தனை டிஸ்க் இருக்குதே தம்பி, அது எதுக்கு?”

ரெய்டு 5 ஒரு டிஸ்க் கெட்டால் தாங்கும், அழித்ததைத் திருப்பித் தராது. ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்கில்தான் குடியிருக்கிறது. 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 வெளியிடத்தில் என்பதுதான் கணக்கு என்று விளக்குவார். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

“அதான் நீ எடுத்துக் குடுத்துட்டியே!”

கொட்டேஷன், போன வருஷத்துக் கொட்டேஷனின் தலைமேல் போய் உட்காரும். வேலை இவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பதுதான் அந்த மனிதரிடம் உள்ள ஒரே குறை.